வயிற்றுப் பிள்ளை வைத்த பாக்கி

நூற்று நாற்பத்தொரு ரூபாய் எழுபத்தைந்து காசு.

ஒரு கரு அரசாங்கத்துக்கு வைத்த பாக்கி எவ்வளவு என்று காசு சுத்தமாகக் கணக்கிட்டுச் சொன்ன பெருமை, கருவியல் என்னும் மாபெரும் விஞ்ஞானத்தின் வரலாற்றிலேயே, நீலகிரி மலையில் தேவாலாவிலிருந்து மூன்று மைல் உள்ளே இருக்கும் கரடிச்சோலை மறுவாழ்வு அலுவலகம் ஒன்றையே சேரும். மேல்நாட்டு அறிஞர்கள் இரண்டாயிரம் வருடமாகக் கோழிமுட்டையை உடைத்துப் பார்த்தார்கள். தவளை முட்டையை ஊசியால் குத்திப் பார்த்தார்கள். கருவுக்குத் தலை எப்போது வருகிறது, வால் எப்போது போகிறது என்றெல்லாம் கண்டுபிடித்தார்கள். அதற்குக் கடன் எப்போது முளைக்கிறது என்று பார்க்க அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தகரக் கூரையும், கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளியும், வாளி நிறைந்தால் கொட்ட ஒரு கடைநிலை ஊழியரும் உள்ள ஓர் அலுவலகத்துக்குத் தோன்றியது.

கடனாளியின் பெயர் சின்னம்மை. நோட்டீசு வந்த அன்று அவளுக்கு வயது இரண்டு வருடம் இரண்டு மாதம். நோட்டீசு கொண்டுவந்தவரின் செருப்பு வாரை அவள் கடித்துக்கொண்டிருந்ததால், நோட்டீசைப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை அவளுடைய தகப்பன் காத்தமுத்து போட வேண்டியதாயிற்று. அவருக்குக் கையெழுத்து வராது. பெருவிரலை வைத்தார்.

காத்தமுத்து இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். முப்பத்து மூன்று வருடம் அங்கே இருந்தார், அதில் இருபது வருடம் தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியோடு. 'நீ இந்த நாட்டு ஆள் இல்லை' என்று ஒரு நாடு எழுதிக் கொடுத்த தாளையும், 'சரி, வா' என்று இன்னொரு நாடு எழுதிக் கொடுத்த தாளையும் ஒரே தகரப்பெட்டியில் போட்டுக்கொண்டு எழுபத்து நாலாம் வருடம் நவம்பர் மாதம் கப்பல் ஏறினார். கூட மனைவி தெய்வம்மா, இரண்டு பையன்கள். தெய்வம்மா வழி நெடுகக் கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலில் வாந்தி எடுத்தாள். அதற்குக் கடல் மட்டும் காரணமில்லை.

கரையேறிய முகாமில் குமாஸ்தா நிமிராமல் கேட்டார். "எத்தனை உருப்படி?"

"நாலுங்க ஐயா. வயித்துல ஒண்ணு."

இந்தத் தவறை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். காத்தமுத்து இருந்த தோட்டத்தில், பெண் முழுகாமல் இருந்தால் கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். அரிசி அளக்கும்போது அந்த வயிற்றுக்கும் அரைக் கொத்து சேர்த்து அளப்பார்கள். பிறகு அதற்கும் சேர்த்து வேலை வாங்குவார்கள் என்பது வேறு விஷயம். வயிற்றை மறைப்பது அங்கே களவு. ஆகவே களவு தெரியாத மனிதர் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

குமாஸ்தா அன்று காலையிலிருந்து அறுநூறு தலை எழுதியிருந்தார். பெரியவர்களுக்கு உதவித்தொகையில் ஓர் அலகு, எட்டு வயதுக்குக் கீழ் அரை அலகு என்பது விதி. வயிற்றில் இருப்பது எட்டு வயதுக்குக் கீழ்தானே? மறுக்க முடியாத தர்க்கம். அரை அலகு என்று எழுதி முத்திரை குத்தினார். அந்த முத்திரையோடு குடும்பம் கரடிச்சோலைக்கு அனுப்பப்பட்டது. காட்டை வெட்டித் தேயிலை நடும் வேலை. தோட்டம் காலூன்றும் வரை வாராவாரம் உதவித்தொகை. வயிற்றுக்கு வாரம் ஐந்தேகால் ரூபாய் வீதம் இருபத்தேழு வாரம் வந்தது. இருபத்தேழாம் வாரம் சின்னம்மை நேரிலேயே வந்துவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்துத் தணிக்கை வந்தது. மூன்று பேர் ஜீப்பில் வந்தார்கள், கோழி சாப்பிட்டார்கள், பிறந்த தேதியையும் பணம் கொடுத்த தேதியையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். பிறப்பதற்கு இருபத்தேழு வாரம் முன்பே ஒருத்தி அரசாங்கத்திடம் கை நீட்டியிருக்கிறாள்! பச்சை மையில் எழுதினார்கள்: 'போலி நபர். வசூலிக்கவும்.'

கரடிச்சோலையில் இரண்டு வகை அட்டைகள் உண்டு. ஒன்று மழைக்காலத்தில் காலைக் கடிக்கும். உப்பு வைத்தால் விழுந்துவிடும். இன்னொன்று குடும்ப அட்டை. அது விழுந்தால் மனிதர் விழுந்துவிடுவார். ரேஷன் அரிசி, புது லயத்தில் அறை, பள்ளிக்கூடம் எல்லாம் அதில் பெயர் இருப்பவர்களுக்குத்தான். அட்டைகளின் இறுதிப் பட்டியல் ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி ஊட்டிக்குப் போகிறது, அதற்குப் பிறகு ஒரு பெயரும் சேர்க்க முடியாது என்று அறிவிப்பு வந்திருந்தது. சின்னம்மையின் பெயர் இன்னும் சேர்க்கப்படவில்லை.

ஜூலை மழையில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு காத்தமுத்து அலுவலகத்துக்குப் போனார். அங்கே கண்காணிப்பாளர் தனசிங் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். தட்டச்சு மேசையில் குன்னூர் பாலாமணி இருந்தார்.

"கட்டிடுறேங்க ஐயா. மாசம் பத்து ரூவாயா கூலியில புடிச்சுக்குங்க."

தனசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கட்டுவியா? கட்டினா என்ன அர்த்தம் தெரியுமாய்யா? போலி ஆள் பேரைச் சொல்லிக் காசு வாங்கினேன்னு நீயே ஒத்துக்கிட்டதா அர்த்தம். போலி ஆள் பேரை அட்டையில எப்படிச் சேர்க்க?"

"அப்ப கட்டலீங்க."

"கட்டலைன்னா பாக்கி. பாக்கி உள்ள அட்டையில புதுப் பேர் ஏத்த விதி கிடையாது."

"அப்ப நான் என்னாங்க செய்யிறது?"

"மனு எழுதிக் குடு."

பாலாமணிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க சார், நடந்து திரியற புள்ளையப் போயி போலிங்கறீங்க? நேத்து என்ற டைப் மெசின்மேல ஏறி உக்காந்து நாலு எழுத்தை ஒடிச்சுப்போட்டாளுங்க."

"அது இப்பம் உள்ள பிள்ளை, பாலாமணி. பாக்கி அப்பம் உள்ள பிள்ளைக்கு."

காத்தமுத்து கம்பளியை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டார். தண்ணீர் சொட்டியது. "ஐயா, புள்ளைக்குப் பொறந்த சீட்டு இருக்குங்க. அது பத்தாதுங்களா?"

"அது பிறந்ததுக்குச் சீட்டு. நீ இருக்கிறதுக்குச் சீட்டு கேக்கிற."

"அது தெரியுங்க ஐயா. எங்கிட்டயும் சிலோன்ல பொறந்த சீட்டு இருந்திச்சு. அதை வச்சுக்கிட்டுத்தான் முப்பத்து மூணு வருசம் எந்த நாட்டு ஆளாவும் இல்லாம இருந்தேன்."

இந்த இடத்தில் வேறு அதிகாரியாக இருந்தால் மனம் இளகிப் பெயரை எழுதித் தொலைத்திருப்பார். தனசிங் அப்படிப்பட்ட பலவீனர் அல்ல. அவர் விஞ்ஞானி. கல்லூரியில் விலங்கியல் பாடத்தில் மூன்று முறை வெற்றிகரமாகத் தோற்றவர். பிரச்சினையை உடனே அதன் வேருக்குக் கொண்டுபோனார். கரையேறிய அன்று வயிற்றில் இருந்தது ஆளா, இல்லையா? ஆள் என்றால் பாக்கி ரத்து, பெயர் அட்டையில். இல்லை என்றால் போலி, பெயர் குப்பையில். இதைக் கருவியல் தீர்மானிக்கட்டும். வீட்டுக்கு எழுதிப் பழைய பாடப்புத்தகத்தைத் தபாலில் வரவழைத்தார். பழுப்புத்தாள் அட்டை போட்டு, பூச்சி கொஞ்சம் படித்திருந்த புத்தகம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் எண்ணும் திடலில், விரிவுரை. வராதவர்களுக்கு அரைநாள் கூலி வெட்டு என்று அறிவித்திருந்ததால் அறிவுத்தாகம் கரைபுரண்டது. இருநூறு பேர் குடைக்கும் சாக்குக்கும் கீழே உட்கார்ந்திருந்தார்கள். காத்தமுத்து முன்வரிசையில் சின்னம்மையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாட்சிப் பொருள் நேரில் இருக்கட்டுமே என்று.

"ஆதியிலே," என்றார் தனசிங், "கிரேக்க தேசத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அடைகாக்கும் கோழியிடமிருந்து நாளுக்கு ஒரு முட்டையை எடுத்து உடைத்துப் பார்த்தார்."

"கோழிக்காரி சும்மாவா இருந்தா?" என்றார் பக்கத்து லயத்து ராஜரத்தினம்.

"பிற்காலத்தில் பூதக்கண்ணாடி வந்தது. அப்போது அறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி, விதைக்குள்ளேயே ஒரு குட்டி மனிதன் கைகாலோடு முழுசாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், வயிற்றில் அவன் பெரிதாகிறான், அவ்வளவுதான் என்றது."

காத்தமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்தது. "ஐயா, அந்தக் கட்சிதாங்க நாங்க!"

"பொறுய்யா. இன்னொரு கட்சி, முதலில் ஒன்றுமே இல்லை, தாள் தாளாக, மடிப்பு மடிப்பாக ஒவ்வோர் உறுப்பும் பிறகுதான் உண்டாகிறது என்றது. அந்தக் கட்சிதான் ஜெயித்தது. ஆச்சு, இருநூறு வருசம்."

"தோத்த கட்சியில ஒருத்தராச்சும் உசுரோட இருக்காங்களா ஐயா, சாட்சிக்குக் கூப்பிட?"

தனசிங் அந்தக் கேள்வியைப் பொருட்படுத்தாமல் விஞ்ஞானத்தின் கிளைகளுக்குத் தாவினார். உள்ளதை உள்ளபடி வரைந்து எழுதுவது விளக்கக் கருவியல். மீன், கோழி, பன்றி, மனிதன் இவற்றின் கருக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒப்பீட்டுக் கருவியல். ஆரம்ப நாட்களில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்குமாம். இதைச் சொன்னதும் அவரே திடுக்கிட்டு நின்றுவிட்டார். மீனா மனிதனா என்று தெரியாத கட்டத்தில் கொடுத்த அலகு மீனுக்குக் கொடுத்ததாகாதா? அப்படியானால் அந்தப் பாக்கியை மீன் இலாகாவிடம் அல்லவா வசூலிக்க வேண்டும்? மறுநாளே ஒரு கடிதம் தட்டச்சு செய்யப்பட்டது. அதைத் தபாலில் சேர்க்க மறந்துவிட்டதாகப் பாலாமணி சொல்கிறார். எழுத்து ஒடிந்த மெசின் என்பதால் இருக்கலாம்.

அடுத்தது சோதனைக் கருவியல். "ஒரு பேராசிரியர் தன் கைக்குழந்தையின் தலைமுடியை எடுத்து, ஓணான் மாதிரி ஒரு நீர்ப்பிராணியின் கருவை நடுவில் கட்டினார். கரு இரண்டாகி, இரண்டும் முழுக் குஞ்சாக வளர்ந்தன."

காத்தமுத்து சின்னம்மையின் தலையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார். "அதெல்லாம் வேணாங்க ஐயா. ரெண்டாயிட்டா பாக்கியும் ரெட்டிச்சிரும்."

"பிறகு குறையோடு பிறப்பவற்றை ஆராயும் கிளை. அப்புறம் செடிகொடிகளின் கருவை ஆராயும் கிளை."

"அது எங்களுக்கே தெரியுங்களே," என்றார் ராஜரத்தினம். "தேயிலை விதையைத் தண்ணியில போடுவோம். முங்கினா உள்ளுக்கு உசுரு இருக்கு. மெதந்தா சொத்தை."

தனசிங் கூட்டத்தில் இருந்த தெய்வம்மாவைப் பார்த்தார். கப்பலில் வந்தவள் மிதந்துதான் வந்திருக்கிறாள். ஆனால் அந்தச் சான்றை ஏற்பதா தள்ளுவதா என்று புத்தகத்தில் இல்லை. கூட்டம் கலைந்தது.

மறுநாள் காலை ஓர் உத்தரவு லயத்துக்கு வந்தது. தெய்வம்மாவின் கருப்புக் கோழி பதின்மூன்று முட்டையின் மேல் அன்றுதான் அடைக்கு உட்கார்ந்திருந்தது. 'அரசுப் பணிக்காக' அந்தக் கோழி சேவையில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. கணக்கு இதுதான்: மனிதக் கரு முற்ற முப்பத்தெட்டு வாரம், கோழிக்கரு முற்ற இருபத்தொரு நாள். சின்னம்மை கரையேறும்போது பதினோராம் வாரம். கோழிக்கு அது ஆறாம் நாள். ஆறாம் நாள் முட்டையில் குஞ்சு இருந்தால் பதினோராம் வாரத்தில் சின்னம்மை இருந்தாள்!

"ஆறாம் நாளு ஒரு முட்டைய ஒடைச்சாப் போதுமே," என்றாள் தெய்வம்மா. "எதுக்குங்க அன்னாடம் ஒண்ணு?"

"இந்தாம்மா, விஞ்ஞானத்தில் நடுவிலிருந்து தொடங்க முடியாது," என்றார் தனசிங்.

"நான் கோழிக்கிட்ட என்னான்னு சொல்லுறது?"

முதல் நாள் முட்டையில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. இந்த இரண்டும் 'ஆய்வுக்குப் பின் முறைப்படி அழிக்கப்பட்டன' என்று கோப்பில் இருக்கிறது. அழிப்பதற்கு வெங்காயமும் மிளகும் பயன்படுத்தப்பட்டன என்பது கோப்பில் இல்லை. மூன்றாம் நாள் மஞ்சள் கருவின் மேல் சிவப்பு நூல் ஓடியது.

நான்காம் நாள் காத்தமுத்துவைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். பீங்கான் தட்டில் முட்டை உடைபட்டது. குண்டூசித் தலை அளவு ஒரு சிவப்புப் பொட்டு. அது அடித்துக்கொண்டது. யாரும் அதைக் கேட்கவில்லை, யாரும் அதற்கு உத்தரவு கொடுக்கவில்லை, அது பாட்டுக்கு டுக், டுக் என்று அடித்துக்கொண்டிருந்தது. காத்தமுத்து தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார். கப்பல் ஏறுவதற்கு முந்தின இரவெல்லாம் தெய்வம்மா தன் அடிவயிற்றில் அவர் கையை எடுத்து வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். வெளியே ஒன்றும் தெரியாத வயிறு. அந்தக் கைக்கு அடியிலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"துடிக்குதுங்க ஐயா."

"ம். எழுதிக்கிடுங்க, பாலாமணி. அசைவு காணப்பட்டது."

தட்டில் அது மெல்ல மெல்ல நின்றது. பாலாமணி எழுதவில்லை. எழுந்து வெளியே போய் வாளியைக் கொட்டிவிட்டு வந்தார். அன்றைக்கு வாளி பாதிகூட நிறையவில்லை.

ஆறாம் நாள் அறிக்கை தயாரானது: 'கண் உள்ளது. பார்வை உள்ளதா என விசாரித்ததில் பதில் இல்லை. கால் மொட்டு உள்ளது. நடை இல்லை. அலகு தொடங்கியுள்ளது. ஆனால் அது உதவித்தொகை பெறத்தக்க அலகு அல்ல.'

மீதி ஏழு முட்டைகளையும் கோழி கைவிட்டுவிட்டது. தினமும் யாரோ வந்து கையை விட்டால் எந்தக் கோழிதான் உட்காரும்? தெய்வம்மா அவற்றை எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தாள். ஏழு குஞ்சு வளர்ந்து விற்றால் பையன்களுக்கு மழைக்கால உடுப்பு. அதைப் பற்றி எந்தக் கிளையும் ஆராயவில்லை.

கோழி சாட்சி குழப்பமானதால் மனுஷ சாட்சி தேவைப்பட்டது. மருந்தகத்து நர்ஸ் ஜூடித் வந்தார். கூடலூர்ப் பக்கத்துக்காரர், பாதித் தமிழ் பாதி மலையாளம். சின்னம்மையைக் கையில் ஏந்தி வெளியே எடுத்தவரே அவர்தான்.

"பதினோராம் வாரத்தில் என்னென்ன இருக்கும்?"

"எல்லாம் உண்டு சாரே. தல உண்டு, ஹார்ட்டு உண்டு, கை கால் உண்டு. விரல் பத்தும் பிரிஞ்சாச்சு. நகம் வரான் தொடங்கி."

"ரேகை?"

"ரேகை கொறச்சு கழிஞ்சு வரும்."

தனசிங்கின் முகம் மலர்ந்தது. பெருவிரல் ரேகை இல்லாமல் எப்படி உதவித்தொகை வாங்கியிருக்க முடியும்? ஆனால் அவர் நீதிமான். இருக்கிற உறுப்புக்கு உரியதைக் கழித்துவிடுவது என்று முடிவு செய்தார். தலைக்கு முப்பது ரூபாய். இதயத்துக்கு இருபத்தைந்து. கைகால் நாலுக்கும் ஐந்து வீதம் இருபது. ஆக எழுபத்தைந்து ரூபாய் தள்ளுபடி. நுரையீரல் மூச்சு விடாததாலும் வயிறு சொந்தமாகச் சாப்பிடாததாலும் மீதி அறுபத்தாறு ரூபாய் எழுபத்தைந்து காசு பாக்கி நிற்கிறது.

பாதிக்குப் பாதி குறைந்ததில் காத்தமுத்துவுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. "கட்டிடுறேங்க! அப்ப பேரை ஏத்திடுவீங்களா?"

"எப்படிய்யா? மீதி அளவுக்குப் போலிதானே?"

ஜூடித் இடுப்பில் கை வைத்தார். "எந்தா சாரே இது? அரைக்கட்டுக்கு மேலே சின்னம்மை, கீழே போலியோ? ஞான் எடுத்த குட்டி முழுசாக்கும்!"

"உங்கள் சாட்சி முடிந்தது. போகலாம்."

அன்று ஆகஸ்ட் இருபத்தெட்டு. பட்டியல் போக மூன்று நாள். காத்தமுத்து லயத்துக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மகள் அவர் முழங்காலில் ஏறி, மீசையைப் பிடித்து இழுத்தாள். அவர் தடுக்கவில்லை.

"என்னாங்க சொன்னாங்க?" என்று கேட்டாள் தெய்வம்மா.

அவர் சொன்னார். தலை, இதயம், கைகால், விலை எல்லாம் ஒப்பித்தார். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். நுரையீரல் கணக்கு வந்ததும் ஊதுவதை நிறுத்தினாள்.

"அந்த இருபத்தேழு வாரமும் நான் எங்கிட்டு இருந்தேன்?"

"இங்கதான். குழி வெட்டிக்கிட்டு."

"எத்தனை பேரு போட்டாங்க எனக்கு?"

காத்தமுத்து நிமிர்ந்தார். இலங்கைத் தோட்டத்துப் பேச்சில் ஒரு நாள் கூலிக்கு ஒரு பேர். பாதிக் கூலிக்கு அரைப்பேர்.

மறுநாள் காலை, கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்காமலே தெய்வம்மா அலுவலகத்துக்குள் வந்து நின்றாள். காத்தமுத்து இரண்டடி பின்னால். மகள் கூடைக்கு உள்ளே, கொழுந்தின் மேல்.

"ஐயா, நாங்க வந்த புதுசுல தேயிலைக் குழி வெட்டுன கூலிக்கணக்கு, அந்தச் செக்ரோலு, இருக்குங்களா?"

"எதுக்கு?"

"இந்த ஆபீசு எதையும் தொலைக்காதுன்னு சொல்லுறாங்களே. பாக்கலாமுன்னு."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தனசிங் தலையசைத்தார். பாலாமணி அலமாரியிலிருந்து எடுத்து வந்து தூசி தட்டினார். விரித்தார். தெய்வம்மா பெயருக்கு நேரே வரிசையாகச் சிவப்பு மையில் ஒரே சொல்: 'கர்ப்பிணி – அரை', 'கர்ப்பிணி – அரை', 'கர்ப்பிணி – அரை'. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று ஒரு சுருக்கொப்பம். தனசிங்குடையது.

"பெரட்டுல மேஸ்திரி சொன்னாரு," என்றாள் தெய்வம்மா. "வயித்துக்குள்ள ஆளு இருக்கு, இவ அரைப்பேருக்குத்தான் லாயக்குன்னு. ஆனா குழி மட்டும் மத்தவங்க கணக்குக்கே வெட்டச் சொன்னாரு. வெட்டுனேன். கூலி வெட்டயில உள்ளுக்கு ஆளு இருந்திச்சு. அரிசிக்காசு குடுக்கயில அந்த ஆளு எங்கிட்டுங்க போயிருந்திச்சு?"

தனசிங் தன் சுருக்கொப்பத்தின் மேல் கையை வைத்து மறைத்தார்.

இங்கேதான் வாசகர்கள் எழுந்து நிற்க வேண்டும். கருவியலின் புத்தம்புதிய கிளை பிறந்த நிமிடம் இது. கிரேக்கப் பெரியவருக்கும் பூதக்கண்ணாடிக்காரருக்கும் தலைமுடிப் பேராசிரியருக்கும் எட்டாத உண்மை, கரடிச்சோலை அலமாரியில் இரண்டு வருடமாக ஒரே தட்டில் இரண்டு நோட்டாகக் கிடந்திருக்கிறது. ஒரே கரு, ஒரே வாரம். ஒரு நோட்டில் ஆள், ஒரு நோட்டில் போலி.

பாலாமணி கணக்கில் கெட்டி. வாய்விட்டே கூட்டினார். "முழுக்கூலி மூணு ரூபா. அரைன்னா ஒண்ணரை வெட்டு. நூத்திப் பத்து நாளுங்க சார். நூத்தி அறுபத்தஞ்சு ரூபா வருதுங்க. இவிங்க பாக்கி நூத்தி நாப்பத்தொண்ணே முக்கால். கழிச்சா இருபத்து மூணே கால் ரூபா நம்மதான் இவிங்களுக்கு..."

"பாலாமணி, ஜன்னலைச் சாத்துங்க. சாரல் அடிக்குது."

"அது சாத்தித்தான் இருக்குதுங்க."

"திறந்துட்டுச் சாத்துங்க!"

தனசிங் புத்தகத்தை மூடினார். நோட்டை மூடினார். கண்ணை மூடினார். திறந்தபோது அவர் முகத்தில் கருணை பொங்கி வழிந்தது. ஒரு தாளை எடுத்து மளமளவென்று எழுதினார். இன்னொரு தாளும் எழுதினார். பிறகு எழுந்து நின்றார். அலுவலகத்தில் அவர் எழுந்து நின்று யாரிடமும் பேசிக் காத்தமுத்து பார்த்ததில்லை.

"காத்தமுத்து, தெய்வம்மா. தாயகம் திரும்பிய உங்கள் ஏழ்மையைக் கருதி, கருணை அடிப்படையில், அரசாங்கம் உங்களை மன்னித்துவிட்டது. பாக்கி முழுவதும் ரத்து."

காத்தமுத்து குனிந்து கும்பிட்டார்.

"இந்தத் தாளில் மன்னிப்பைப் பெற்றுக்கொண்டோம்னு ரேகை வைக்கணும். இந்தத் தாளில்..." தனசிங் கொஞ்சம் இருமினார். "கூலி வகையில் எங்களுக்கு வர வேண்டியது ஏதுமில்லைன்னு ரேகை வைக்கணும்."

காத்தமுத்து வாயைத் திறந்தார். "ஐயா, அந்த இருபத்து மூணே கா..."

தெய்வம்மா அவர் காலை மிதித்தாள். "பேரை எழுதுங்க முதல்ல. அப்புறமா மன்னிங்க."

"உத்தரவு போட்டாச்சும்மா, நாளைக்கு..."

"எழுதுங்க ஐயா. நான் நிக்கிறேன்."

கூடை முதுகில், மகள் கூடையில், அவள் நின்றாள். பாலாமணி கேட்காமலே குடும்ப அட்டைகளின் கட்டை எடுத்துவந்து பிரித்து, காத்தமுத்துவின் அட்டையை மேசையில் வைத்து, பேனா மூடியையும் திருகிக் கொடுத்தார். தனசிங் எழுதினார். ஐந்தாவது வரி. பெயர்: சின்னம்மை. பால்: பெண். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த தேதி என்ற இடத்தில் பேனா நின்றது. தெய்வம்மா குனிந்து பார்த்தாள். எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும் இலக்கம் தெரியும். மேலே நாலு வரியிலும் உள்ள அதே கப்பல் தேதியை அங்கேயும் எழுதி முடிக்கும் வரை அவள் நிமிரவில்லை. முத்திரை விழுந்தது.

பாலாமணி இரண்டு தாளையும் உரக்கப் படித்துக் காட்டினார். இரண்டாவதைப் படிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. தெய்வம்மா மைப்பெட்டியில் பெருவிரலை அமுக்கி, முதல் தாளில் ஒன்று, இரண்டாம் தாளில் ஒன்று என்று அழுத்தமாக வைத்தாள். மிச்ச மையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வெளியே நிறுவைக்குச் சங்கு ஊதிவிட்டது. நேரம் தவறினால் கொழுந்தை எடுக்க மாட்டார்கள்.

நூற்று நாற்பத்தொரு ரூபாய் எழுபத்தைந்து காசும் தள்ளுபடியாயிற்று. கொடுக்க வேண்டியவர் வாங்க வேண்டியவளைப் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்ட இந்த நிகழ்ச்சி 'இவ்வகையில் முதல்' என்று அந்தக் கோப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. அதைப் படித்த அதிகாரிகள் எல்லோரும் மெச்சிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தோட்டத்து ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த 'முதல்' என்ற சொல்லை அடித்திருப்பார்கள். இங்கே அது மாதாமாதம் சம்பளத்தன்று நடக்கிறது.